அப்பாவுக்கு ஷன்ட் ஆபரேஷன் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

பூம்பாறைக்காரன்:
அப்பாவுக்கு ஈரல் சுருக்கம். குடியை விட்டாயிற்று. உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்களுக்கு மதுரையில் பேண்டு போட்டார்கள், அந்தக் குழாய்களில் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறார். அப்படியும் பூண்டு காயப்போட்ட இடத்திலேயே ரத்த வாந்தி. 108 வத்தலக்குண்டு போய்ச் சேரும்வரை எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. இப்போது ஷன்ட் என்று, ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிட மண்ணீரல் சிரையைக் கிட்னி சிரையோடு இணைக்கலாம் என்கிறார்கள். டிப்ஸ் என்றும் ஒன்று சொல்கிறார்கள். எது நல்லது?

கொடை ராஜா:
கீழாநெல்லி கொடுத்துப் பாருங்க அண்ணா.

பண்ணைக்காட்டு நர்ஸம்மா:
ராஜா, ரத்தம் கக்குகிறவருக்குக் கீழாநெல்லியா? சும்மா இருப்பா.

தம்பி, நான் சர்ஜரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சைல்டு கிரேடில் அப்பா ஏ-வா, பி-யா, சி-யா என்று முதலில் கேளுங்கள்; ஏ லேசு, சி மோசம். ஏ என்றால் ஆபரேஷனைத் தாங்குவார். சி என்றால் ஈரல் மாற்று பற்றித்தான் பேச வேண்டும்.

குடல் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையை, இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் அப்படியே சேர்ப்பது பழைய முறை. ரத்தம் நிற்கும், ஆனால் குடலிலிருந்து வரும் அமோனியா ஈரலுக்குப் போகாமலே மூளைக்கு ஏறி ஆளைக் குழப்பிவிடும். அதனால்தான் 1967-இல் வாரன் என்ற சர்ஜன் மண்ணீரல் சிரையை மட்டும் இடது கிட்னி சிரையில் இணைக்கும் முறையை எழுதினார். குடல் ரத்தம் ஈரலுக்கே போகும், குழப்பம் குறைவு. இரண்டிலுமே ஈரல் குணமாகாது, ஆயுள் கூடும் என்றும் எண்ணாதீர்கள். கசிவு நிற்கும், அவ்வளவுதான்.

டிப்ஸுக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம்; கழுத்துச் சிரை வழியாக ஈரலுக்குள் ஸ்டென்ட். அது குறுகலாம், அடைக்கலாம். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அடிக்கடி மலையிறங்க வேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு ஆபரேஷனைச் சொல்வதில் இதுவும் ஒரு கணக்கு.

பூம்பாறைக்காரன்:
பி என்றார்கள் சிஸ்டர். வயிற்றில் நீரும் இருக்கிறது, மாத்திரைக்கு வற்றவில்லை.

பண்ணைக்காட்டு நர்ஸம்மா:
அப்படியென்றால் இந்த ஷன்ட் சரிவராது, நீர் இன்னும் கோக்கும். டிப்ஸ் செய்யும் இடத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எது செய்தாலும் அதன்பின் அவரைக் கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை நிற்காமல் தட்டித் தட்டி விழுந்தால், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்; அமோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ் மருந்து கொடுப்பார்கள். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கூடவே கூடாது. மலம் தார் மாதிரி கறுத்தாலே வண்டியைக் கூப்பிடுங்கள், வாந்திக்குக் காத்திருக்காதீர்கள்.