காக்டெயில் ராத்திரியில் கூண்டுக்குள் மோதிக்கொள்கிறது, றெக்கையில் ரத்தம், யாராவது சொல்லுங்கள்

உறையூர் சிட்டு | அதிகாலை 3.12

வணக்கம். எங்கள் காக்டெயில் பறவை தூக்கத்தில் திடீரென்று பேய் அறைந்த மாதிரி கூண்டு முழுக்க அடித்துக்கொள்கிறது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. இப்போதுதான் அடங்கியது. இடது றெக்கையில் ரத்தம், சுவர் வரைக்கும் தெறித்திருக்கிறது. மஞ்சள் தூள் வைத்தேன். வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பகலில் நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடுகிறது, விசில் அடிக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட் | 3.19

ரத்தம் நின்றதா, இன்னும் சொட்டுகிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள். சொட்டினால் அறை விளக்கைப் போட்டு, மெல்லிய துண்டால் சுற்றிப் பிடித்து (நெஞ்சை அழுத்தவே கூடாது, நெஞ்சு விரிந்தால்தான் அதற்கு மூச்சு), ரத்தம் வரும் இடத்தில் கார்ன் ஃப்ளார் ஒரு சிட்டிகை வைத்து, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். காக்டெயில் மொத்தமே 90 கிராம் சுமார்தான் இருக்கும், உடம்பில் ஓடும் ரத்தம் கிட்டத்தட்ட 9 மில்லி, இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. றெக்கையை அடிக்க அடிக்கத் தெறிப்பதால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில சொட்டுதான். நிற்கவே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உறையூர் சிட்டு | 3.34

நின்றுவிட்டது. ஒரு பெரிய இறகு பாதியில் முறிந்து தொங்குகிறது, அடித்தண்டு கருநீலமாக இருக்கிறது. அப்பா பிடுங்கிவிடச் சொல்கிறார். பிடுங்கவா?

நைட் ஷிஃப்ட் | 3.38

வேண்டாம். அது வளர்ந்துகொண்டிருக்கும் இறகு. முற்றின இறகு வெறும் தண்டு, நம் நகம் மாதிரி. இளசான இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், முறிந்தால் பைப் உடைந்த கதைதான். பழக்கமில்லாத கை இழுத்தால் தோலும் கிழியும். நின்றுவிட்டதால் தொடாமல் விட்டுக் காலையில் டாக்டரிடம் காட்டுங்கள். விளக்கை இப்போதைக்கு அணைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள், கொண்டை முழுசாகப் படிந்து கொஞ்சம் தினை கொறித்தால் பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

கோவை தினை | காலை 7.05

சிட்டு, இது நைட் ஃப்ரைட், அதாவது ராத்திரியில் திடீரென்று வரும் பயம். காக்டெயிலுக்கு ரொம்பச் சகஜம். ஆனால் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே. என்ன நிறம்? கிரேயா, லூட்டினோவா (மஞ்சள் வெள்ளை)? எத்தனை மாதம்? ஒற்றையா ஜோடியா? கூண்டு எங்கே இருக்கிறது? ராத்திரி துணி போட்டு மூடுகிறீர்களா? றெக்கை வெட்டியிருக்கிறதா? எத்தனை மணிக்கு நடக்கிறது?

மலைக்கோட்டை மாமி | 7.40

பாவம் வாயில்லா ஜீவன். வந்தவர் போனவர் கண்தான். வெள்ளிக்கிழமை சுற்றிப் போட்டு, கூண்டுக்குக் கீழே கொஞ்சம் சாம்பிராணி போடுங்கள், சரியாகிவிடும்.

கோவை தினை | 7.48

மாமி, சுற்றிப் போடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாம்பிராணி மட்டும் வேண்டாம். பறவைக்கு நுரையீரலோடு உடம்பெங்கும் காற்றுப் பைகள் இருக்கின்றன, நமக்குக் கண்ணைக் கரிக்கிற புகை அதற்கு மூச்சையே அடைக்கும். கொசுவர்த்தியும் அதே அறையில் கூடாது. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிட்டு, அந்த ஆவியில் பறவையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

பறவைப்பண்ணை 22 | 8.40

இந்தக் கேள்வி மாதத்துக்கு நான்கு தடவை வருகிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, மூன்று மணிக்கு எழுந்து அவசரம் அவசரம் என்று தலைப்புப் போடத் தெரிகிறது. 22 வருடமாக வளர்க்கிறேன், என் பண்ணையில் ஒரு பறவைக்கும் இப்படி வந்ததில்லை, ஏனென்றால் நான் படித்துவிட்டு வாங்கினேன். முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். காக்டெயில் என்பது டம்ளரில் ஊற்றிக் குடிப்பது. இது காக்கடீல். ஆஸ்திரேலியப் பறவை, காக்கட்டூ குடும்பம்.

பல்லாவரம் பக்கம் | 8.52

ஐயா, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போய் காக்கடீல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வாங்குகிறவன் விற்கிறவன் எல்லாருக்கும் அது காக்டெயில்தான். அந்தப் பிள்ளை ரத்தத்தைப் பார்த்துப் பதறிக் கேட்கிறது, நீங்கள் எழுத்துப்பிழை திருத்துகிறீர்கள்.

கோழிப்பண்ணை ராசிபுரம் | 9.15

எனக்கென்னவோ செல்லு என்றுதான் தோன்றுகிறது. கோழியில் பார்த்திருக்கிறேன், பகலெல்லாம் மரக்கட்டை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கிற சிவப்புப் பூச்சி. கூண்டில் மரக் குச்சியோ முட்டைப் பெட்டியோ இருந்தால் ராத்திரி வெள்ளைத் துணி ஒன்றை அதை ஒட்டிப் போட்டு வையுங்கள், விடிவதற்கு முன்பு டார்ச் அடித்துப் பாருங்கள், மிளகாய்த் தூள் மாதிரிப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான்.

நைட் ஷிஃப்ட் | 9.31

பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் செல்லு இருந்தால் ராத்திரி முழுக்கச் சொறியும், தூங்கவே தூங்காது. இது தூங்கிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் வெடிக்கிறது. ஏதோ சத்தமோ வெளிச்சமோ நிழலோ.

உறையூர் சிட்டு | மாலை 4.20

மன்னிக்கவும், காலேஜ் போய்விட்டேன். பக்கத்து கிளினிக்கில் நாய், மாடு மட்டும்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லூட்டினோ, 9 மாதம், ஒற்றை. வாங்கும்போதே ஒரு பக்க றெக்கை வெட்டியிருந்தது. ஹாலில் கிச்சன் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் கூண்டு. கொசு, குளிர் என்று அம்மா கறுப்புப் போர்வையால் நான்கு பக்கமும் மூடிவிடுவார்கள். எப்போதும் இரண்டரை, இரண்டே முக்கால். மரப்பெட்டி எல்லாம் இல்லை.

கோவை தினை | 4.41

இதை ராத்திரியே சொல்லியிருக்கலாம்! சரி, பரவாயில்லை.

லூட்டினோவுக்கு இந்தத் தொல்லை மற்ற நிறங்களைவிட அதிகம் என்று வளர்க்கிற எல்லாருமே சொல்வோம். அதைவிடப் பெரிய விஷயம் அந்தப் போர்வை. நான்கு பக்கமும் கறுப்புத் துணி என்றால் உள்ளே கும்மிருட்டு. பறவைக்கு இருட்டில் கண் நம்மைவிட மோசம். ஒரு சத்தம் கேட்டதும் அது யோசிக்காது, கூட்டமாக வாழ்ந்த பறவை, ஒன்று எழும்பினால் எல்லாம் எழும்பிப் பறந்துவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. திறந்த வெளியில் அது சரி. கூண்டுக்குள் எழும்பினால் கம்பி. உட்கார்ந்திருந்த குச்சி எங்கே என்று தெரியாது, மறுபடி எழும்பும், மறுபடி கம்பி. ஒரு பக்க றெக்கை வெட்டியதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும், அடிபடுவதும் அதனால்தான் அதிகம். வெட்டின இறகு தானாக உதிர்ந்து புதுசு முளைக்கும், இனிமேல் வெட்டாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, முன்பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் வெளிர் நிறப் பருத்திப் புடவையால் மூடுங்கள், அறையில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். ஊஞ்சல், மணி, கண்ணாடி எல்லாவற்றையும் ராத்திரி வெளியே எடுத்துவிடுங்கள். தூங்குகிற குச்சிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் நடுவே றெக்கை விரிக்க இடம் இருக்கட்டும். குச்சியை ரொம்ப உயரத்தில் வைக்க வேண்டாம்.

ஆனால் காரணம் வேறு. தினமும் ஒரே நேரம் என்றால் எதுவோ தினமும் வருகிறது. பால் வண்டி ஹெட்லைட்? கோயில் ஸ்பீக்கர்? பூனை?

உறையூர் சிட்டு | 4.50

ஸ்பீக்கர் நாலரைக்குத்தான். ஜன்னல் மூடித்தான் இருக்கும். ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கிவிட்டேன் நன்றி.

கரண்ட் பில் | 5.10

ஒரு சின்னத் திருத்தம். பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு பெயரில்தான் ஜீரோ, 15 வாட் வரைக்கும் இழுக்கும். ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். அரை வாட் எல்ஈடி வாங்கினால் அதே இரண்டு மாதத்துக்கு 0.3 யூனிட். சூடும் வராது.

பறவைப்பண்ணை 22 | 5.32

பல்பு கணக்குப் போடுகிற நேரத்தில் இன்னொரு காக்கடீல் வாங்கிக் கொடுங்கள். ஒற்றையாக வளர்ப்பதுதான் எல்லா வியாதிக்கும் மூலம். ஜோடி இருந்தால் பயமே வராது.

நைட் ஷிஃப்ட் | 5.40

ஜோடியில் ஒன்று பயந்தால் இரண்டும் மோதும். பெரிய கூண்டில் எட்டு இருந்தால் எட்டும் மோதும். பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பறவைப்பண்ணை 22 | 5.44

நீங்கள் எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

மரத்தடி நிழல் | மாலை 6.15

ஆளுக்கு ஆள் பல்பு, பெட்ஷீட் என்று சொல்கிறீர்களே, பறவையைக் கூண்டில் அடைப்பதே குற்றம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? கிளி வளர்த்தால் வனத்துறை கேஸ் போடும், தெரியுமா? திறந்து விடுங்கள். பயமும் போகும், பாவமும் போகும்.

பல்லாவரம் பக்கம் | 6.22

எது கிளி, எது காக்டெயில்? பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்தால் கேஸ்தான், நியாயம்தான். காக்டெயில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்து வளர்ந்தது. திறந்து விட்டால் உறையூரில் முதல் காக்கா அதைச் சாயங்காலத்துக்குள் தின்றுவிடும். மஞ்சள் வெள்ளையில் பளிச்சென்று இருக்கிறதே, எங்கே ஒளியும்?

மரத்தடி நிழல் | 6.30

வெளிநாட்டுப் பறவைக்கும் இப்போது அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2022ல் சட்டம் திருத்தினார்கள்.

நைட் ஷிஃப்ட் | 6.41

திருத்தினார்கள், உண்மை. சைட்டஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிற உயிரினங்களுக்குத்தான் அது. ஆப்பிரிக்கன் கிரே கிளி வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். காக்டெயிலும் பட்ஜி என்கிற சின்னக் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை.

பறவைப்பண்ணை 22 | 6.55

இதையும் நான் போன வருடமே தனி இழையாக எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கவில்லை.

மரத்தடி நிழல் | 7.02

சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக மனசாட்சியில் இடம் இருக்க வேண்டுமா?

பல்லாவரம் பக்கம் | 7.04

நீங்கள் சிக்கன் சாப்பிடுவீர்களா அண்ணே, சும்மா தெரிந்துகொள்ள.

(இதற்குக் கீழே 14 பதில்கள் சிக்கன் பற்றியவை. வேறு பகுதிக்கு மாற்றப்பட்டன.)

கோவை தினை | இரவு 9.10

சிட்டு, இந்தச் சண்டையில் நீங்கள் ஓடிவிடாதீர்கள். பழைய போன் ஏதாவது இருந்தால் சார்ஜரில் போட்டுக் கூண்டு முழுக்கவும் அதன் அடியும் தெரிகிற மாதிரி வைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வீடியோ ஓடவிடுங்கள். நாமாக ஊகிப்பதைவிட அது நல்லது. கீழே சிந்தின தினையைத் தூங்கும் முன்பு கூட்டிவிடுகிறீர்களா? அப்புறம் அந்த முறிந்த இறகு. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, போன் செய்து பறவை பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குட்டி டாக்டர் | 9.48

குழந்தைகளுக்குக் கொடுக்கிற சளி சிரப் இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்து வைத்தால் ராத்திரி நன்றாகத் தூங்கும். என் லவ் பேர்ட்ஸுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் | 9.50

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்ட மருந்து. இது 90 கிராம்.

கோழிப்பண்ணை ராசிபுரம் | மறுநாள் காலை 6.30

வெள்ளைத் துணி போட்டுப் பார்த்தீர்களா?

கோவை தினை | மூன்று நாள் கழித்து

சிட்டு? பறவை எப்படி இருக்கிறது?

உறையூர் சிட்டு | ஆறு நாள் கழித்து, இரவு 10.25

செமஸ்டர், அதனால் வர முடியவில்லை. மூஞ்சூறு. முதல் ராத்திரியே வீடியோவில் மாட்டியது. 2.38க்கு கிச்சன் கதவு இடுக்கு வழியாக வந்து, ஸ்டூல் அடியில் தினை கிடக்கும் இடத்தில் கரப்பான் பிடித்துத் தின்கிறது, நடுவில் கீச் கீச் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குக் கொண்டை அப்படியே ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் பல்பு எரிந்ததால் எட்டிக் கீழே பார்த்தது, ஒரு நிமிடம் ஸ்ஸ் என்றது, பறக்கவில்லை. பிள்ளையார் வாகனம், அடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் கதவு இடுக்கில் சாக்கு அடைத்திருக்கிறோம், கூண்டை ஸ்டூலிலிருந்து எடுத்துச் சுவர் அலமாரி மேல் வைத்தாயிற்று. நடுவில் ஒரு நாள் கரண்ட் போய்ப் பல்பு அணைந்ததும் ஒரு தடவை மோதியது, அடி இல்லை. இறகை ஒரத்தநாட்டில் எடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி.

கரண்ட் பில் | 10.40

எல்ஈடி என்றால் இன்வர்ட்டரிலேயே போட்டுவிடலாம், விடிய விடிய எரிந்தாலும் பேட்டரி இறங்காது.

பறவைப்பண்ணை 22 | 10.58

கூண்டைத் தரை மட்டத்தில் வைக்கக் கூடாது என்பது அடிப்படை.

பல்லாவரம் பக்கம் | 11.01

ஸ்டூல் தரையா ஐயா?

ஆரணி ஆகாஷ் | இரண்டு மாதம் கழித்து

என் காக்டெயிலும் ராத்திரி கத்துகிறது, என்ன மருந்து கொடுக்கலாம்? அவசரம்.