புதுப்பிப்பு: ஆரம்ப சுகாதார நிலையமா, தனியார் மருத்துவமனையா?

எம்.பி.பி.எஸ். முடித்தபின் எங்கே பணியாற்றுவது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. "சம்பளத்தை ஒப்பிடும் முன், இரண்டு இடங்களிலும் ஒரு வாரம் உடனிருந்து பாருங்கள்" என்று மூத்த மருத்துவர் ஒருவர் சொன்ன யோசனையே முடிவைத் தெளிவாக்கியது. தனியாரில் ஒருமுறை பார்த்த நோயாளி அடுத்த முறை வேறொருவரிடம் போய்விடுவார்; இங்கோ, சேர்ந்த புதிதில் நான் ரத்த அழுத்தம் பார்த்த கர்ப்பிணி, சென்ற புதன்கிழமை தடுப்பூசிக்காகக் கைக்குழந்தையை என் மேசையருகே கொண்டுவந்து காட்டினார். முதுநிலைப் படிப்பில் பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டையும் கணக்கில் கொண்டேன். எதிர்பாராதது, பதிவேடுகளும், கர்ப்பிணிகள், குழந்தைகளின் விவரங்களை அரசின் ‘பிக்மி’ தளத்தில் ஏற்றும் இணையப் பதிவும் எடுத்துக்கொள்ளும் நேரம்; சேரும் முன்பே அதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.