மறுமொழி: ஸ்னாக் – தடைமரமா, குத்துமரமா?

> ஆங்கிலத்து ஸ்னாக் (snag) என்பதற்குத் தமிழில் 'தடைமரம்' போதுமே. படகுக்குத் தடையாக ஆற்றில் கிடக்கும் மரம்தானே?

வணக்கம் ஐயா,

புயலில் சாலையின் குறுக்கே விழுந்து கிடப்பதும் தடைமரம்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சங்கதி வேறு. கரை இடிந்து மரம் வேரோடு ஆற்றில் சாயும். மண் அப்பிய வேர்ப்பக்கம் கனத்து அடியில் புதைந்துகொள்ள, நுனி ஓட்டத்தின் போக்கில் சாய்ந்து, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்கும். ஆற்றின் கீழ்க்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை நோக்கிச் சரக்கோடு இறங்கும் தட்டைப்படகு அதை உரசிக்கொண்டு தப்பக்கூடும். எதிர்நீரில் ஏறும் நீராவிப் படகு? நேராகப் போய்ச் செருகிக்கொள்ளும்.

1812 ஜனவரியில் அந்தத் துறைக்கு முதன்முதலில் வந்த நீராவிப் படகின் பெயரும் 'நியூ ஆர்லியன்ஸ்'தான். 1814-இல் பேட்டன் ரூஜ் அருகே ஒரு அடிமரம் குத்தித்தான் அது மூழ்கியது. அதற்காக யாரும் நீராவியை விடவில்லை. நீராவிக்கு முன், கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் அங்கிருந்து மேலே லூயிவில் நகருக்குப் படகைக் கொண்டுபோக மூன்று நான்கு மாதம் ஆகும். 1817-இல் படகுத் தலைவர் ஹென்றி ஷ்ரீவின் 'வாஷிங்டன்' நீராவிப் படகு 25 நாளில் போய்ச் சேர்ந்தது.

இப்படி நீராவிப் படகைக் குத்துவதால்தான் என் வாக்கு குத்துமரத்துக்கு. குத்துக்கல், குத்துக்கால் போல நட்டுக்கொண்டு நிற்பதும் அதில் இருக்கிறது, குத்திக் கிழிப்பதும் இருக்கிறது.

> ஸ்னாக்கில் சாயர் (sawyer) வகைக்கு 'ஆடுமரம்'?

ஆடு கட்டுகிற மரம் என்று படித்துவிடுவார்கள்! வேர் மட்டும் சிக்கி, ஓட்டத்தில் முங்கி முங்கி எழுவது அது. தூரத்தில் பார்த்தால் வெறும் தண்ணீர்; கிட்டே போனதும் தலை தூக்கும். முங்குமரம் என்போம். அசையாத பிளான்டர் (planter) வகைக்கு ஊன்றுமரம்.

அப்புறம், இந்த மரங்களை அகற்றும் ஸ்னாக்போட் (snagboat). 1829-இல் ஷ்ரீவ் இறக்கிய 'ஹீலியோபோலிஸ்' இரட்டை உடல் படகு. இரண்டையும் முன்பக்கம் இணைத்த, இரும்புத்தகடு போர்த்திய உத்தரத்தால் மரத்தை முழு வேகத்தில் மோதும். பெயர்ந்ததைத் தூக்கி அறுத்துப் போடும். இந்த வகைப் படகுகளுக்கு அரசாங்கத்துப் பல்பிடுங்கி என்றே பட்டப்பெயர் விழுந்தது. நாமும் 'மரம்பிடுங்கி' என்று வைக்கலாம். 'தடையகற்றுக் கலம்' என்று யாராவது கொண்டுவந்தால் எதிர்த்து நிற்பேன், சொல்லிவிட்டேன்.

கடைசியாக, ஆற்றோரம் எழுப்பும் மண்மேடான லெவீக்குக் (levee) 'கரைமேடு' என்பது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளம் தடுப்பதும் அந்த மேடுதான், அந்தக் காலத்தில் பருத்திப் பொதி இறக்கி அடுக்கியதும் அதன்மேல்தான். துறை என்பதும் சேர வேண்டும். கரைத்துறை?