வெளிநாட்டுல கார்டு தேய்ச்சப்ப ஹோட்டல் பில்லு மட்டும் ஏன் இவ்வளவு கூடுதலா வந்துச்சு?

மழைக்காலம்:

வணக்கம் மக்களே. போன மாசம் முதல் தடவையா வெளிநாடு போயிட்டு வந்தேன். இப்ப கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்திருக்கு, அத பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. கடைகள்ல தேய்ச்சதெல்லாம் நான் குறிச்சு வச்சிருந்த கணக்கோட கிட்டத்தட்ட ஒத்துப் போகுது, ஹோட்டல் பில்லு மட்டும் தனியா எகிறி நிக்குது. புரியறதுக்காக ரவுண்டா சொல்றேன், அன்னிக்கு ரேட்டுக்கு நம்ம கரன்சில 1000 வரணும், ஆனா 1060 வந்திருக்கு, அதுக்கு அடுத்த வரிலயே வெளிநாட்டு பரிவர்த்தனை கட்டணம்னு 32 கிட்ட பிடிச்சிருக்காங்க, ஆக மொத்தம் 1092.

பையில துழாவி ரசீத எடுத்துப் பாத்தேன். மேல அந்த ஊர் கரன்சில தொகை, அதுக்கு கீழ நம்ம கரன்சில தொகை, நடுவுல பொடி எழுத்துல ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட்டும் மார்க்கப் 6%னும் இருக்கு. கடைசியா ‘கரன்சிய நானே தேர்வு செஞ்சேன், இது இறுதியானது’ங்கிற மாதிரி ஒரு வரி, அதுக்கடியில என் கையெழுத்து. ரூம் காலி பண்ணும்போது கவுன்ட்டர்ல இருந்தவங்க "உங்க கரன்சிலயே போட்டுடவா, எவ்வளவுன்னு இப்பவே தெரிஞ்சுடும்"னு கேட்டாங்க, எனக்கும் அது வசதியா தோணுச்சு, டாக்ஸி வேற வெளிய நிக்குது, சரின்னு சொல்லி கையெழுத்து போட்டுட்டேன்.

இது என்ன வகை கட்டணம், இந்தக் காச திரும்ப வாங்க வழி இருக்கா? இன்னொன்னு, ரெண்டு மாசத்துல அம்மாவும் அப்பாவும் தனியா ஒரு டூர் போறாங்க, நான் கூட இருக்க மாட்டேன். அவங்களுக்கு என்ன சொல்லி அனுப்பணும்னு யாராவது தெளிவா சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள:

உங்களுக்கு விழுந்தது ரெண்டு தனித்தனி கட்டணம், ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

முதல்ல அந்த 60. இதுக்குப் பேரு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமா டிசிசி. கார்ட சொருகுன உடனே அதோட முதல் சில நம்பர வச்சு இது எந்த நாட்டு பேங்க் கார்டுன்னு மெஷின் கண்டுபிடிச்சிடும், உடனே உங்க கரன்சில கட்டுறீங்களான்னு கேக்கும். நீங்க ஆமான்னு சொன்னா ரேட்ட முடிவு பண்றது வீசாவோ மாஸ்டர்கார்டோ இல்ல, உங்க பேங்கும் இல்ல, அந்தக் கடைக்கு மெஷின் குடுத்த பக்கம் இருக்கிற கம்பெனி. அவங்க ரேட்டுல தான் மார்க்கப், அதாவது நிஜ ரேட்டுக்கு மேல அவங்க கூட்டி வைக்கிற தொகை, உக்காந்திருக்கு, அதுல கடைக்கும் ஒரு பங்கு போகும். உங்க ரசீதுல 6%, சில இடத்துல இதவிட கூடவும் இருக்கும்.

ரெண்டாவது அந்த 32. இது உங்க சொந்த பேங்க் பிடிச்சது. நிறைய கார்டுல 1%ல இருந்து 3% வரைக்கும் இருக்கும், சில கார்டுல சுத்தமா கிடையாது. நம்ம கரன்சிலயே கட்டியாச்சே அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பீங்க. பல பேங்க்ல விதி என்னன்னா, வியாபாரி வெளிநாட்டுல இருந்தாலே போதும், எந்தக் கரன்சில பில்லு போட்டாலும் இந்தக் கட்டணம் உண்டு. ஆக டிசிசிக்கு சரின்னு சொன்னா அந்தக் கட்டணத்துல இருந்து தப்பிக்கிறதில்ல, அது மேல இன்னொன்ன ஏத்திக்கிறோம். நீங்க அந்த ஊர் கரன்சிலயே கட்டியிருந்தா 1000, பேங்க் கட்டணம் 30, 1030ல முடிஞ்சிருக்கும். மீதி 62 அந்த ஒரு ‘சரி’க்கு குடுத்த விலை.

அதனால எந்த நாட்டுல நிக்கிறீங்களோ அந்த நாட்டு கரன்சியவே எடுங்க. கடை, ஹோட்டல், ஏடிஎம், எங்கயும் இதுதான். அன்னிக்கு நெட்வொர்க் ரேட் என்னன்னு சந்தேகம் வந்தா வீசாவும் மாஸ்டர்கார்டும் அவங்க சைட்லயே கால்குலேட்டர் வச்சிருக்காங்க, தேதியும் உங்க பேங்க் கட்டண சதவீதமும் போட்டா கணக்கு வந்துடும். ஸ்டேட்மென்ட்ல ஒண்ணு ரெண்டு நாள் தள்ளி பதிவாகும், அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.

நதிக்கரை:

எனக்கு இதுல முழுசா உடன்பாடு இல்ல. என் கம்பெனி பயண செலவ திருப்பித் தரும்போது நம்ம கரன்சில ரசீது இருந்தா அக்கவுன்ட்ஸ்ல கேள்வியே கேக்க மாட்டாங்க, தொகையும் கையிலயே தெரியுது, ரேட் நாளைக்கு ஏறுமோன்னு பயமும் இல்ல. அந்த நிம்மதிக்கு கொஞ்சம் கூட குடுத்தா என்ன தப்பு?

கணக்குப்புள்ள:

கம்பெனி குடுக்குதுன்னா உங்க இஷ்டம் நதிக்கரை, அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ரேட் ஏறுமோங்கிற பயத்த மட்டும் யோசிச்சுப் பாருங்க. நீங்க தேய்ச்சு ரெண்டு நாள்ல பேங்க்ல பதிவாயிடும், அந்த ரெண்டு நாள்ல பெரிய கரன்சிகள் 6% நகர்றது ரொம்ப அபூர்வம். வராத நஷ்டத்துக்கு பயந்து வரப்போற நஷ்டத்த கையெழுத்து போட்டு வாங்குற மாதிரி ஆயிடும். சொந்தக் காசுன்னா வேண்டவே வேண்டாம்.

மணிக்கூண்டு:

நான் நாலு வருஷம் வெளிநாட்டுல ஒரு கடைல கேஷ் கவுன்ட்டர்ல வேலை பாத்தவன், அந்தப் பக்கம் எப்படி நடக்கும்னு சொல்றேன், இது தெரிஞ்சா உஷாரா இருக்கலாம்.

விதிப்படி கரன்சிய தேர்வு பண்ண வேண்டியது கார்டுக்காரர் மட்டும் தான். ரெண்டு தொகையும் ரேட்டும் மார்க்கப்பும் காட்டிட்டு தான் கேக்கணும், கடைக்காரர் அவரா அமுக்கக் கூடாது. வீசா, மாஸ்டர்கார்டு ரெண்டு பேரும் இத எழுதியே வச்சிருக்காங்க. ஆனா கூட்டம் நிக்கும்போது மெஷின தன் பக்கம் வச்சுக்கிட்டே பச்சை பட்டன அமுக்கி விட்டுட்டு அப்புறமா உங்க கைல குடுக்குறவங்கள என் கண்ணாலயே பாத்திருக்கேன். சிலர் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, கஸ்டமருக்கு அவங்க காசுல தெரிஞ்சா நல்லதுன்னு நெஜமாவே நம்புவாங்க.

ஸ்க்ரீன் எப்படி இருக்கும்னா, மேல உங்க நாட்டு கொடி போட்டு உங்க கரன்சி தொகை பெருசா, கீழ லோக்கல் கரன்சி சின்னதா. பச்சை பட்டன் மேல இருக்குறதுக்கு, மஞ்சளோ சிவப்போ கீழ இருக்குறதுக்குன்னு சில மெஷின்ல செட் பண்ணியிருப்பாங்க. எல்லாருக்கும் பச்சைய அமுக்குறது தான் பழக்கம், அங்க தான் மாட்டிக்கிறாங்க. அதனால கார்ட நீட்டும்போதே "லோக்கல் கரன்சி"ன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க, அப்புறம் மெஷின உங்க பக்கம் திருப்பச் சொல்லி தொகைக்கு முன்னாடி எந்தக் கரன்சி போட்டிருக்குன்னு பாத்துட்டு தான் பின் போடணும்.

தப்பா போட்டுட்டாங்கன்னு ரசீதுல தெரிஞ்சா கவுன்ட்டர விட்டு நகராதீங்க. அப்பவே அந்த பில்ல கேன்சல் பண்ணிட்டு லோக்கல் கரன்சில மறுபடி போடச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஊருக்கு வந்த பிறகுன்னா அது பெரிய அலைச்சல்.

ஹோட்டல்லயும் வாடகை கார்லயும் இன்னொரு சிக்கல் இருக்கு. உள்ள போகும்போதே ஒரு ஃபாரம்ல கையெழுத்து வாங்குவாங்க, அதுல ‘என் கரன்சில வசூலிக்க சம்மதம்’னு ஒரு கட்டம் இருக்கலாம். பிறகு மினி பார், பெட்ரோல்னு நீங்க இல்லாதப்ப போடுற சார்ஜ் எல்லாம் அந்த சம்மதத்துல ஓடும். பேனா எடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்த தேடிப் பாருங்க.

வடக்குவாசல்:

ஏடிஎம் பத்தி யாரும் சொல்லல, என் அனுபவத்துல அதுதான் மோசமான இடம். கடைல ஆளு கிட்ட கேக்கலாம், ராத்திரி ஏர்போர்ட்ல மெஷின் கிட்ட யார கேக்குறது?

தொகை அடிச்ச உடனே ஒரு ஸ்க்ரீன் வரும், உறுதியான ரேட்டுல மாத்தித் தர்றோம்னு போட்டு ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’னு ரெண்டு பட்டன். மறுத்தா பணமே வராதோன்னு பயம் வரும், எனக்கு முதல் தடவை கை நடுங்குச்சு, பின்னாடி லைன்ல ஆள் நிக்குறாங்க, ஏத்துக்கிட்டு பணத்த எடுத்துட்டேன். மறுக்குறது பணம் எடுக்குறத இல்ல, அவங்க ரேட்ட மட்டும் தான். அடுத்த தடவை மறுத்தேன், அதே தொகை வந்துச்சு, என் பேங்க் ரேட்டுல கழிஞ்சிருந்துச்சு. சில மெஷின் மறுத்த பிறகும் ‘நிச்சயமா வேண்டாமா’ன்னு இன்னொரு தடவை கேக்கும், அப்பவும் வேண்டாம்னே சொல்லுங்க. மெஷின் வச்சிருக்கவங்க தனியா ஒரு கட்டணம் போட்டா அது வேற, கன்வெர்ஷன மறுத்தாலும் அது போகாது, பிடிக்கலன்னா கேன்சல் பண்ணிட்டு வேற ஏடிஎம் தேடுங்க.

ஐரோப்பிய யூனியன்ல 2020 ஏப்ரல் 19ல இருந்து ஒரு விதி இருக்கு. அங்க உள்ள கரன்சிகள மாத்தும்போது ஐரோப்பிய மத்திய வங்கி ரேட்ட விட எத்தனை சதவீதம் கூட வைக்கிறோம்னு ஏடிஎம்லயும் கடைலயும் முன்கூட்டியே காட்டியாகணும். அந்த சதவீதத்த கண்ணால பாத்தா யாருமே ஏத்துக்க மாட்டாங்க.

கிரெடிட் கார்டுல பணம் எடுக்கவே எடுக்காதீங்க, பெரும்பாலான கார்டுல எடுத்த நாள்ல இருந்தே வட்டி ஓடும். அம்மா அப்பாவுக்கு டெபிட் கார்டு போதும்.

மழைக்காலம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. பேங்குக்கு போன் பண்ணி கேட்டேன், நீங்க சம்மதிச்சு கையெழுத்து போட்டதால கஷ்டம்னு சொன்னாங்க. அப்ப கேக்காமலே போட்டிருந்தா மட்டும் தான் புகார் குடுக்க முடியுமா?

கணக்குப்புள்ள:

ஆமா. உங்கள கேக்காமலோ, வேண்டாம்னு சொன்ன பிறகோ டிசிசி போட்டிருந்தா அது தகராறு எழுப்ப சரியான காரணம், வீசால ‘தவறான கரன்சி’ன்னு 12.3ங்கிற தனி கோடே இருக்கு, 120 நாள் அவகாசம் இருக்கு. ஆனா நாள கடத்தாதீங்க, பேங்க்ல பேசும்போது ‘சார்ஜ் கூடுதல்’னு பொத்தாம் பொதுவா சொல்லாம ‘சம்மதம் இல்லாம கரன்சி மாத்திட்டாங்க’ன்னு சொல்லணும், ரசீது போட்டோ குடுக்கணும். உங்க கேஸ்ல கையெழுத்து இருக்கு, அத கிளறி பிரயோஜனம் இல்ல.

பெத்தவங்க கிளம்புறதுக்கு முன்னாடி வெளிநாட்டு கட்டணம் இல்லாத கார்டு உங்க பேங்க்ல இருக்கான்னு கேளுங்க, கைக்கு வர நாளாகும், இப்பவே அப்ளை பண்ணுங்க. ஆன்லைன்ல டூர் டிக்கெட் புக் பண்றது நீங்கன்னா, வெளிநாட்டு சைட்டு தானா நம்ம கரன்சில விலை காட்டும்போது பேமென்ட் பக்கத்துல கரன்சி மாத்துற இடம் இருக்கான்னு பாருங்க. பேபால்லயும் கன்வெர்ஷன அவங்களே பண்ணாம கார்டு பேங்க்குக்கு விடுற ஆப்ஷன் இருக்கு, கொஞ்சம் உள்ள தேடணும்.

மழைக்காலம்:

கார்டு விஷயம் இன்னிக்கே கேட்டுட்டேன், கட்டணம் இல்லாத டெபிட் கார்டு ஒண்ணு இருக்காம், அப்பா பேர்ல அப்ளை பண்ணியாச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும், அதனால ‘லோக்கல் கரன்சி ஒன்லி’ன்னு கெட்டியா எழுதி கார்டு உறைக்குள்ளயே வச்சு விடப் போறேன், கவுன்ட்டர்ல கார்டோட சேத்து அதையும் காட்டட்டும். ஏடிஎம்ல வர்ற அந்த ஸ்க்ரீன் மாதிரி பேப்பர்ல வரைஞ்சு நேத்து ராத்திரி ரெண்டு பேரையும் உக்கார வச்சு எந்தப் பட்டன்னு கேட்டேன். அப்பா முதல் தடவை ‘ஏற்கிறேன்’ தான் அமுக்குனாரு. மூணாவது தடவைல இருந்து சரியா அமுக்குறாரு.