நீண்டதூர விமானத்தில் எகானமி இருக்கை: உயரமான மகனுக்கும் மூட்டுவலியுள்ள தாயாருக்கும் எது பொருந்தும்?

கேள்வி: அழகாபுரம் வாசி

வணக்கம். வரும் ஆனி மாதத்தில் நானும் என் தாயாரும் சிகாகோவில் வசிக்கும் தங்கை வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம். என் உயரம் 6 அடி 3 அங்குலம். அம்மா 5 அடிக்கும் குறைவு. வலது முழங்காலில் தேய்மானம் இருப்பதால், நெடுநேரம் மடக்கி வைத்திருந்தால் எழுந்திருக்கக் கைத்தாங்கல் தேவைப்படும். அவரை ஏற்காட்டிலிருந்து அழைத்து வந்து, சேலத்திலிருந்து காரில் பெங்களூரு விமான நிலையம் செல்வதாகத் திட்டம். தோஹா வழியே போனால் முதலில் நாலரை மணி நேரமும் அடுத்து ஏறத்தாழ 15 மணி நேரமும் பறக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியே போனால் இரண்டு விமானங்களும் பத்து மணி நேரத்தை ஒட்டியவை. பிரீமியம் எகானமிக்கு வசதியில்லை. டிராவல்ஸ்காரரோ இருவருக்கும் கால் நீட்ட இடம் அதிகமுள்ள அவசர வழி (எமர்ஜென்சி எக்ஸிட்) வரிசையில் கூடுதல் கட்டணம் கட்டி இடம் பிடித்துவிடலாம் என்கிறார். அந்தப் பணம் தகுமா? எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மேட்டூர் சாலை

முதலில் விமானத்தின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தைப் பிறகு பேசலாம். நிறுவனங்கள் ‘பிட்ச்’ என்று தரும் 31 அல்லது 32 அங்குலம் நம் முழங்காலுக்கு முன்னால் கிடைக்கும் வெற்றிடமன்று. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. முதுகுப்பகுதியின் தடிமனும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே, பழைய தடித்த இருக்கையில் 32 அங்குலம் இருந்தும் முழங்கால் இடிக்கலாம். மெல்லிய முதுகுடன், பத்திரிகை வைக்கும் பையை மேலே ஏற்றிப் பொருத்திய புதிய இருக்கையில் 31 அங்குலமே தாராளமாகத் தெரியலாம். ஆனால் அத்தகைய இருக்கைகளில் மெத்தையும் மெலிந்துபோவதால், ஆறேழு மணி நேரத்துக்குப் பிறகு முழங்காலுக்குக் கிடைத்த ஆறுதல் இடுப்புக்கு இல்லாமற்போகும்.

அகலத்தையும் பாருங்கள். போயிங் 777 விமானம் வந்த புதிதில் பெரும்பாலும் வரிசைக்கு 9 பேர் அமர்ந்தார்கள். இன்று பல நிறுவனங்கள் 3-4-3 என்று 10 பேரை அமர்த்துவதால் ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 17 அங்குலம்தான் மிஞ்சுகிறது. ஏர்பஸ் ஏ350-இல் 3-3-3 என்ற அமைப்பில் ஏறத்தாழ 18 அங்குலம் கிடைக்கும். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரும் நம்மைப் போல அகன்ற தோளுடையவராக இருந்தால் அதன் அருமை தெரியும். ஏ330-இல் 2-4-2 என்பதால் ஜன்னலோரத்தில் இருவர் மட்டுமே அமர்வார்கள். மூன்றாமவரை எழுப்பும் தொல்லை இல்லை. தாயும் மகனும் போவதற்கு எகானமியில் இதைவிட நல்ல அமைப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பதில்: சூரமங்கலம் ரயிலடி

அவசர வழி வரிசையைத் தாராளமாக வாங்குங்கள். உங்கள் உயரத்துக்கு 15 மணி நேரம் சாதாரண வரிசையில் அமர்வது தண்டனை. செலவாகும் பணத்தை இறங்கியதும் மறந்துவிடுவீர்கள்.

பதில்: ஃபேர்லேண்ட்ஸ் இயன்முறை

மேலே சொன்ன அறிவுரை மகனுக்குப் பொருந்தும், தாயாருக்குப் பொருந்தாது. அவசர வழி வரிசையில் அமர்பவர் ஆபத்து வேளையில் கதவைத் திறக்கவும் பிறர் வெளியேற உதவவும் கூடியவராக இருக்க வேண்டும் என்பது விதி. எழுந்து நிற்கவே கைத்தாங்கல் தேவைப்படும் ஒருவரை விமானப் பணியாளர்கள் அங்கிருந்து மாற்றிவிடுவார்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது தனி வழக்காகும். அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, இருக்கையின் அகலமும் சற்றுக் குறையும். விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள்.

நோயாளிகளின் குடும்பத்தார் பலர் இதே கேள்வியுடன் என்னிடம் வருவதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இருவரையும் சாதாரண எகானமி இருக்கை எதிரெதிர் விதங்களில் வருத்தும். உங்களுக்கு முன்பக்கம் இடம் போதாது. அம்மாவுக்கு முன்பக்க இடம் ஒரு குறையே அன்று. இருக்கையின் உயரம்தான் அவருக்குக் குறை. பாதம் தரையில் முழுமையாகப் பதியாமல் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நெடும்பயணங்களில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணிப்போருக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும், மிக உயரமானவர்களும் மிகக் குள்ளமானவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு நேர்வது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் இருவருமே அந்தப் பட்டியலின் இரு முனைகளில் நிற்கிறீர்கள்.

ஆகவே அம்மாவின் காலடியில் சிறிய, கெட்டியான பையொன்றை வைத்து அதன்மேல் பாதங்களை ஊன்றச் சொல்லுங்கள். வலது முழங்கால்தான் பாதிக்கப்பட்டது என்பதால், நடைவழி அவருடைய வலப்பக்கம் வருமாறு இருக்கை எடுங்கள். 3-3-3 அமைப்பில் இடப்பக்க மூன்றின் நடைவழியோர இருக்கை அதற்கு ஏற்றது. உணவு வண்டி வராத நேரங்களில் அந்தக் காலைச் சற்று நீட்டிக்கொள்ளலாம். பல விமானங்களில் நடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில், அது மடங்கும் மூட்டுக்கு அருகே ஒரு சிறு விசை உண்டு. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும், பக்கவாட்டில் திரும்பி எழுந்திருக்க எளிதாக இருக்கும். கிடைக்கவில்லையென்றால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள். அழுத்தக் காலுறை அணிவதா வேண்டாமா என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆஸ்பிரினையும் தூக்க மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பதில்: நாகலூர் தோட்டக்காரர்

தம்பி, எல்லாரும் விமானத்தில் கழியும் மணிகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, பெங்களூரு நெரிசலையும் கடந்து வடக்கே தேவனஹள்ளி சேருவதற்குள் ஏழு மணி நேரம் போய்விடும்; அந்த நேரமெல்லாம் அம்மா காரில் முழங்காலை மடக்கித்தான் இருப்பார். மேற்சொன்ன ஆய்வும் கார், பேருந்து, ரயில் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. முந்தின நாளே புறப்பட்டு, விமான நிலையத்துக்கு அருகில் ஓர் இரவு படுத்து எழுந்து போங்கள். அவசர வழி இருக்கைக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அதற்கே போதும்.

வழியைப் பொறுத்தவரை ஃபிராங்க்ஃபர்ட் மேல். இடையில் இறங்கி நடக்கலாம், படுக்க இடம் தேடலாம். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி கேட்டவர்: அழகாபுரம் வாசி

அனைவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம். நான் அவசர வழி வரிசையிலும் அம்மா வேறு வரிசையிலும் இருந்தால், அவர் எழ வேண்டும் என்றால் யாரிடம் கேட்பார்? அந்நியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், தண்ணீரும் குடிக்கமாட்டார்.

பதில்: ஃபேர்லேண்ட்ஸ் இயன்முறை

அப்படியென்றால் உங்களுக்கும் அந்த வரிசை வேண்டாம். அம்மாவை இடப்பக்க நடைவழி இருக்கையில் அமர்த்திவிட்டு, அதே வரிசையில் நடைவழிக்கு எதிர்ப்புறம் உள்ள நடு மூன்றின் ஓர இருக்கையை நீங்கள் எடுங்கள். கை நீட்டினால் அவரைத் தொடலாம்; உங்கள் இடது காலுக்கும் நடைவழி கிடைக்கும். சில நிறுவனங்கள் எகானமியின் முன்வரிசைகளில் இரண்டு மூன்று அங்குலம் கூடுதல் இடைவெளி விட்டு, அவசர வழியோடு தொடர்பில்லாத இருக்கைகளாகவே விற்கின்றன. கிடைத்தால் இருவரும் அங்கேயே அமரலாம், உடல்நிலைக் கட்டுப்பாடும் இல்லை.

பதில்: மேட்டூர் சாலை

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையிலும், அவசர வழிக்கு நேர் முன்னுள்ள வரிசையிலும் இருக்கை சரியாகச் சாயாமல் இருக்கலாம். சில இருக்கைகளின் அடியில் திரைக்கான மின்பெட்டி ஒரு பாதத்துக்குரிய இடத்தையே விழுங்கியிருக்கும். பதிவு செய்த பிறகு நிறுவனம் விமானத்தை மாற்றினால் நீங்கள் தேர்ந்த எண் வேறிடத்தில் போய் விழும். ஆகவே வெப் செக்-இன் திறந்தவுடன் வரைபடத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.