சட்டம் முடித்தவுடன் கொள்கை வேலையா, மூன்று வருடம் கோர்ட்டா?

ஐந்தாம்_ஆண்டு:
பி.ஏ. எல்எல்.பி. கடைசி வருடம். வீட்டில் யாரும் வக்கீல் இல்லை. வாதாடுவதைவிடச் சட்டம் எழுதுகிற பக்கம் போக ஆசை. முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு (அரசு அலுவலகங்களில் இரண்டு வருடம் வேலை பார்க்கும் ஃபெல்லோஷிப்) அடுத்த அறிவிப்பு வந்தால் போடலாம், டெல்லியில் எம்.பி. ஒருவருக்கு ஆய்வு உதவியாளராக இருக்கும் லாம்ப் ஃபெல்லோஷிப்பும் மனதில் இருக்கிறது. தெரிந்த சீனியரோ "மூணு வருஷம் கோர்ட்டுக்குப் போ, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார். சரியா?

எழும்பூர்_வக்கீல்:
நூற்றுக்கு நூறு சரி. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும்தானே, சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத 3 வருட பிராக்டிஸ் கட்டாயம். முழுநேரமாகச் சம்பளம் வாங்கப் போனால் வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் விதி 49-படி வக்கீல் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும், அந்த நாள் எதுவும் கணக்கில் வராது. ஏ.பி.பி. (அரசுத் தரப்பு உதவி வக்கீல்) ஆக வேண்டுமென்றால் 5 வருட கிரிமினல் கோர்ட் அனுபவம் கேட்கிறார்கள். இரண்டு வருடம் கலெக்டர் ஆபீஸில் பவர்பாயின்ட் போட்டுவிட்டு 27 வயதில் வந்து கேஸ் கட்டு தூக்க மனசு வராது தம்பி.

மாஜி_ஃபெல்லோ:
சார், கட்டு தூக்கியவன்தான் நானும். ஒரு வருடம் ஜூனியர், மாதம் 5,000, அதுவும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினால். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டதே, சென்னை மதுரை கோவையில் 20,000, மற்ற ஊரில் 15,000 என்று. கொடுக்கிற சீனியர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். புத்தாய்வுத் திட்டம் 2022-ல் தொடங்கியபோதே மாதம் 50,000, மேல்செலவுக்கு 10,000, கூடவே பொதுக் கொள்கையில் ஒரு முதுநிலைப் படிப்பு. வாடகை கொடுக்க அப்பாவிடம் கை நீட்டாத பையனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் அந்த பவர்பாயின்ட். நான் இருந்த ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல், விதியில் எங்குமே இல்லாத ஒரு சான்றிதழைக் கேட்டுத் திருப்பியிருந்தார்கள். பத்து வருடமாக அப்படித்தானாம். விதியை எடுத்துக் காட்ட ஒரு சட்டம் படித்தவன் தேவைப்பட்டான், அவ்வளவுதான்.

செயலகத்தான்:
கொள்கை என்றால் ஃபெல்லோஷிப் மட்டும்தானா? மசோதா எழுதுகிறவர்கள் நிரந்தர அரசு ஊழியர்கள் அய்யா. இங்கே சட்டத் துறை, டெல்லியில் சட்டமியற்றல் துறை. நான் சேர்ந்த புதிதில் ஒரு வரைவில் "அனுமதி வழங்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி சிவப்பு மையில் சுழித்து "வழங்குதல் வேண்டும்" என்று மாற்றினார். "லாம்" என்றால் அதிகாரியின் இஷ்டம், "வேண்டும்" என்றால் கடமை, கொடுக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஒரு சொல்லுக்காக அரை நாள் பேசுவோம்.

எழும்பூர்_வக்கீல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த "லாம்" ஒரு கட்சிக்காரரை எத்தனை வாய்தா அலைய வைக்கும் என்பதைக் கோர்ட்டில் பார்த்தவன் எழுதினால்தான் சட்டம் உருப்படும்.

மாஜி_ஃபெல்லோ:
படிக்கிற எல்லாரும் ஜட்ஜ் ஆகத்தான் போகிறார்களா? அந்தப் பையன் ஜட்ஜ் ஆகணும்னு ஒரு வரி எழுதியிருக்கிறானா?

மதுரை_ஜூனியர்:
நடுவில் வழி இருக்கிறது. நீதிபதியிடம் லா கிளார்க்காக (சட்ட ஆய்வு உதவியாளராக) இருந்த காலத்தையும் 3 வருடத்தில் சேர்க்கச் சொல்லி எழும்பூர் சார் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 2022 திட்டப்படி கிரிமினல் கேஸ் நடத்த முழுநேர வக்கீல்களை எடுக்கிறார்கள், அசிஸ்டென்ட் பதவிக்கு 0 முதல் 3 வருட அனுபவம் போதும். தனியார் கேஸ் எடுக்கக் கூடாது, ஆனால் கோர்ட்டில் நிற்பது நீங்கள்தான்.

எழும்பூர்_வக்கீல்:
கிளார்க் இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆணைக்குழு விஷயம், சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம்_ஆண்டு:
பார் கவுன்சிலில் தற்காலிகமாக வக்கீலாகப் பதியும் (என்ரோல்மென்ட்) தேதியிலிருந்தே 3 வருடம் எண்ணலாம் என்பதால், ரிசல்ட் வந்ததும் முதல் வேலையாக என்ரோல் பண்ணிவிடுகிறேன். ஆணைக்குழுவில் காலியிடம் இருக்கிறதா என்று திங்கட்கிழமை மாவட்ட கோர்ட்டில் கேட்கிறேன். அதற்கு நடுவில் ஃபெல்லோஷிப் அறிவிப்பு வந்தால் அதற்கும் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எழும்பூர் சார், ஒன்று கேட்கலாமா, உங்கள் ஜூனியருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

எழும்பூர்_வக்கீல்:
தனியாக மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்.

மாஜி_ஃபெல்லோ:
இங்கேயே சொல்லுங்க சார்.