அரிய ஆங்கிலச் சொற்கள்: எங்கே தேடுவது, உண்மையான சொல்தானா என்று எப்படிச் சோதிப்பது?

தாள்முனை கேட்டது:

வணக்கம். ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத சொற்களைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. 'நீங்கள் கேள்விப்படாத நூறு சொற்கள்' போன்ற பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. படிக்கும்போது இனிக்கிறது, ஒரு மாதம் கழிந்தால் பத்துகூட நினைவில் நிற்பதில்லை. சிலவற்றை அகராதியில் தேடினால் கிடைப்பதே இல்லை. பட்டியலை விட்டால் வேறு எங்கே தேடலாம்? கிடைத்த சொல் உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறிப்பேட்டில் எப்படி எழுதி வைத்தால் மறக்காது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேர்ப்பலா எழுதியது:

மறதி உங்கள் குறையல்ல, பட்டியலின் குறை. அங்கே ஒரு சொல்லும் அதற்கு ஒரு வரிப் பொருளும் மட்டும் இருக்கும். அந்தச் சொல்லை யார், எதற்காக, எந்த வாக்கியத்தில் எழுதினார்கள் என்பது இருக்காது. பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லாத கொடி கீழே விழத்தான் செய்யும்.

நல்ல வழி ஒன்று உண்டு. அகராதி விளக்கத்துக்குள்ளேயே வரும் சொற்களைத் துரத்துங்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை எடுத்துப் பாருங்கள். சம இடைவெளியில் 'ரெட்டிகுலேட்டட்' (வலைபோல் பின்னியது) அல்லது 'டெகஸ்ஸேட்டட்' ஆக இருப்பது, குறுக்கிடும் இடங்களுக்கு நடுவே 'இன்டர்ஸ்டிஸ்' (சிறு இடைவெளி) உள்ளது என்று விளக்கம் போகும். எளிய சொல்லைப் புரியவைக்க மூன்று கடினச் சொற்கள். அகராதிக்காரருக்கு அது குறைதான், நமக்கோ புதையல்.

அதில் 'டெகஸ்ஸேட்' ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். லத்தீனில் 'டெகுஸ்ஸிஸ்' என்றால் பத்து. ரோமானிய எண்ணில் பத்து என்பது பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும் இரண்டு கோடுகள். ஆகவே 'டெகஸ்ஸேட்' என்றால் அப்படிக் குறுக்காகக் கடப்பது. தாவரவியலில், ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை, அடுத்த கணுவில் அதற்குச் செங்குத்தாக இரண்டு இலை என்று அடுக்கிய செடிக்கு இதே சொல்தான். துளசியையும் புதினாவையும் மேலிருந்து பார்த்தால் அந்தக் குறுக்குக்குறி கண்ணுக்கே தெரியும். மருத்துவத்தில், மூளையின் ஒரு பக்கத்திலிருந்து வரும் நரம்பிழைகள் மறுபக்கத்துக்குக் கடக்கும் இடம் 'டெகஸ்ஸேஷன்'. வலப்பக்க மூளை இடக்கையை ஆள்வதற்கு அதுவே காரணம். ஒரே வேரில் எண், இலை, நரம்பு மூன்றும் தொங்குகின்றன. இனி இது மறக்குமா?

அடுத்து உண்மைச் சோதனை. மூன்று உதாரணங்களை ஒப்பிட்டால் விளங்கும்.

'பெட்ரிகோர்': 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் உருவாக்கியது. கிரேக்கத்தில் 'பெட்ரா' பாறை, 'இகோர்' தேவர்களின் நாளங்களில் ஓடும் திரவம். காய்ந்த பாறையும் மண்ணும் உள்வாங்கி வைத்திருந்து, மழைக்கு முன்னும் பின்னும் வெளியே விடும் எண்ணெய்க்குத்தான் அவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். இன்று அந்த மண்வாசனைக்கே பெயராகிவிட்டது. பிறந்த தேதி, பெற்றோர், இன்றைய புழக்கம் எல்லாம் தெரிந்த சொல்.

'அப்ரிசிட்டி': குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு. ஹென்றி காக்கரம் 1623 அகராதியில் பதிவு செய்தார். சொல் அழகுதான், ஆனால் அவர் காலத்துக் கடினச்சொல் அகராதிக்காரர்கள் லத்தீன் அகராதியிலிருந்து சொற்களை எடுத்து ஆங்கில வால் ஒட்டிப் போடுவது வழக்கம். அதனால் இது அகராதிகளிலும் பட்டியல்களிலும் வாழ்ந்த அளவுக்கு உரைநடையில் வாழவில்லை.

'வெலீயிட்டி': ஆசை இருக்கிறது, ஆனால் எழுந்து போய்ச் செய்யும் அளவுக்கு இல்லை. அந்த மிக மெலிந்த விருப்பத்துக்குப் பெயர். லத்தீன் 'வெல்லே', அதாவது விரும்புதல். 17ஆம் நூற்றாண்டிலிருந்து தத்துவ எழுத்தில் தொடர்ந்து வருகிறது. எனக்குக் கேட்டால் மூன்றிலும் இதுதான் மேல். வேறு எந்தச் சொல்லும் இதன் இடத்தை நிரப்பாது.

புழக்கத்தைப் பார்க்க கூகுளின் என்கிராம் வியூவர் போதும்; வருடிய புத்தகங்களில் ஒரு சொல் ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும் தளம் அது. ஆனால் நான்கு இடங்களில் வழுக்கும். ஒன்று, ஸ்மூத்திங் (பக்கத்து ஆண்டுகளோடு சராசரி எடுப்பது) இயல்பாக 3 என்றிருக்கும். அதை 0 ஆக்கினால்தான் எந்த ஆண்டில் எழும்பியது என்று தெரியும். இரண்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்தை அது வேறாக எண்ணும். கேஸ் இன்சென்சிட்டிவ் தேர்வை இயக்குங்கள். மூன்று, 40 புத்தகத்துக்குக் குறைவாக வரும் சொல்லை அது காட்டவே காட்டாது. ஆகவே கோடு இல்லை என்பதால் சொல்லே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. நான்கு, 1800க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி நீண்டிருக்கும். வருடிய கணினி 'வைஸ்' என்பதை 'வைஃப்' என்று படித்துவிடும். அந்தக் காலத்து எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம்.

கடைசியாக, தொகுப்பை 'இங்கிலிஷ் ஃபிக்ஷன்' என்று மாற்றி ஒருமுறை பாருங்கள். அகராதிகளால் மட்டும் ஊதப்பட்ட சொல்லாக இருந்தால் அங்கே கோடு படுத்துவிடும்.

ஒற்றெழுத்து எழுதியது:

அகராதியில் இருந்தால் உண்மை என்றும் நினைத்துவிடாதீர்கள். 1934இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' என்று ஒரு சொல், பொருள் 'அடர்த்தி'. உண்மையில் அது 'பெரிய டி அல்லது சின்ன டி, அடர்த்தியின் சுருக்கக் குறி' என்று அந்த அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டு. சுருக்கக் குறிகளின் கட்டில் சேர வேண்டியது சொற்களின் கட்டில் விழுந்தது. நடுவிலிருந்த 'ஆர்' (ஆங்கிலத்தில் 'அல்லது') இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லாகிவிட்டது. உச்சரிப்புக் குறியும் போட்டு அச்சேற்றினார்கள். சொற்பிறப்பு இல்லாத பதிவு என்பதை 1939 பிப்ரவரியில் ஓர் அகராதிப் பதிப்பாசிரியர் கவனித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

இப்படிப்பட்டவற்றுக்கு 'கோஸ்ட் வேர்ட்' (பேய்ச்சொல்) என்று 1886இல் பெயர் வைத்தவர் மொழியறிஞர் வால்டர் ஸ்கீட்.

வேண்டுமென்றே நட்டு வைத்ததும் உண்டு. 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபர்ட் அமெரிக்கன் அகராதியில் 'எஸ்கிவேலியன்ஸ்', பொருள் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல். யாராவது அகராதியைத் திருடி நகலெடுத்தால் கண்டுபிடிக்கப் போட்ட பொறி அது. ஆகவே சொற்பிறப்பும் மேற்கோளும் இல்லாத பதிவைப் பார்த்தால் இன்னோர் அகராதியையும் திறந்து பாருங்கள்.

ஊசிமுனை எழுதியது:

வேர்ப்பலா சொல்லிலிருந்து சொல்லுக்குப் போகச் சொல்கிறார். எனக்கு எதிர்த் திசைதான் பிடிக்கும்: பொருளிலிருந்து பெயருக்கு. கண்முன் இருக்கும் ஒன்றை எடுத்து, இந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேளுங்கள். காலணிக் கயிற்றின் நுனியில் உள்ள உறை 'ஆக்லெட்', பிரெஞ்சில் சின்ன ஊசி என்ற சொல்லிலிருந்து வந்தது. நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை 'லூனுலா', குட்டி நிலா. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஓடும் பள்ளம் 'ஃபில்ட்ரம்'. சூரியக் கடிகாரத்தில் நிழல் விழுத்தும் தகடு 'நோமன்', கிரேக்கத்தில் 'அறிபவர்'. மாட்டின் கழுத்தடியில் தொங்கும் தோல் 'டூலாப்'. இதைத் தேடும்போதே தமிழில் 'அலைதாடி' என்று ஓர் அருமையான சொல் இருப்பதும் கண்ணில் படும். இந்த வழியில் இரண்டு மொழியும் சேர்ந்து வளரும்.

பென்சிலின் பின்னால் அழிப்பானைப் பிடித்திருக்கும் உலோக வளையம் 'ஃபெரூல்'. இதன் கதையைத் தவறவிடாதீர்கள். மூலம் லத்தீனில் 'விரியோலா', சின்னக் கைவளை. இரும்பால் செய்வதாயிற்றே, 'ஃபெர்ரம்' என்ற இரும்புச் சொல்லிலிருந்துதான் வந்திருக்கும் என்று மக்கள் எண்ணியதில் 'வி' போய் 'எஃப்' வந்துவிட்டது. தப்பான சொற்பிறப்பு சொல்லின் எழுத்தையே மாற்றிவிட்டது.

கருவி என்று பார்த்தால், ஒன்லுக் தளத்தில் தலைகீழ் அகராதி உண்டு. பொருளை நாலைந்து சொல்லில் எழுதினால் பெயர்களைத் தரும். முழு வாக்கியமாக எழுதாதீர்கள், பெயர்ச்சொற்களாகப் போடுங்கள். இன்னொன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ். 1965இல் தொடங்கி 2009இல் அச்சில் வந்தது, சுமார் 8,00,000 சொற்பொருள்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு கருத்தை எடுத்தால், பழைய ஆங்கிலம் முதல் இன்றுவரை அதற்கு வழங்கிய சொற்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டும். எந்தச் சொல் எப்போது செத்தது என்பதும் தெரியும்.

சிறு எச்சரிக்கை: உடலுறுப்புப் பெயர்களில் மருத்துவச் சொல்லும் பேச்சுச் சொல்லும் கலந்து வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

கூழாங்கல் எழுதியது:

தெரிந்த சொற்களுக்குள்ளேயே தெரியாதவை ஒளிந்திருக்கின்றன. 'ரூத்லெஸ்' தெரியும், 'ரூத்' என்றால் இரக்கம். 'ரெக்லெஸ்' தெரியும், 'ரெக்' என்றால் அக்கறை. 'ஃபெக்லெஸ்' என்பதில் உள்ள 'ஃபெக்', 'எஃபெக்ட்' என்பதை ஸ்காட்லாந்தில் சுருக்கியது. 'அன்கெம்ப்ட்' என்பதில் உள்ள 'கெம்ப்ட்', சீப்பால் வாரியது. 'அன்கூத்' முதலில் 'அறியப்படாத' என்றே பொருள்பட்டது. எதிர்மறை மட்டும் தங்கி, மூலம் மறைந்துபோனவை இவை.

இதே போல 'ஆப்ரன்' ஒரு காலத்தில் 'நாப்ரன்'. 'எ நாப்ரன்' என்பது காதில் 'ஆன் ஆப்ரன்' ஆகிவிட்டது. பாம்புக்குரிய 'ஆடர்', ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் 'அம்பயர்', இன்னும் 'ஆரஞ்சு' எல்லாம் இப்படி 'என்' எழுத்தைத் தொலைத்தவைதான்.

தாள்முனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துளசி இலையை இப்போதுதான் மேலிருந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது! குறிப்பேடு பற்றியும் உச்சரிப்பு பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் பல சொற்களை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

ஒற்றெழுத்து எழுதியது:

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து வைக்காதீர்கள். 'ப' என்று எழுதினால் அது எந்த ஒலி என்று ஆறு மாதம் கழித்துத் தெரியாது. 'அரை' என்று எழுதி வைத்தால், கோணலான என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லா (awry) பாதியா என்று குழப்பம் வரும். பன்னாட்டு ஒலியெழுத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அதில் மேலே வரும் சிறு கோடு, தனக்கு அடுத்த அசையை அழுத்தச் சொல்கிறது. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறாது என்பதால் நம் காது இதைத் தவறவிடும்.

ஒரு விதி பல சொற்களைக் காப்பாற்றும். 'இட்டி', 'ஷன்', 'இக்' என்று முடிந்தால் அழுத்தம் அந்த வாலுக்கு முந்தைய அசையில். 'அப்ரிசிட்டி'யில் 'ப்ரி', 'செரன்டிபிட்டி'யில் 'டி', 'வெலீயிட்டி'யில் 'லீ'. 'இக்' வாலில் மட்டும் 'லூனடிக்', 'அராபிக்' போன்ற விலக்குகள் உண்டு.

கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாற்றுபவை: 'எபிட்டமி' (epitome) நான்கு அசை, கடைசி 'இ' ஒலிக்கும். 'மிஸ்லெட்' (misled) என்பதைப் பலர் வெகுகாலம் 'மைசில்டு' என்று ஒரே துண்டாகப் படிக்கிறார்கள். 'போட்ஸ்வெய்ன்' (boatswain) என்று எழுதியிருக்கும், மாலுமிகள் சொல்வது 'போஸன்'.

வேர்ப்பலா எழுதியது:

குறிப்பேட்டுக்கு: ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். ஆங்கில எழுத்தில் தலைச்சொல், ஒலிக்குறி, வேர், முதன்முதல் பதிவான ஆண்டு, பிறகு புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த ஒரு வாக்கியம். நீங்களே புனைந்த வாக்கியத்தை முதலில் எழுதாதீர்கள். அந்தச் சொல் எந்த வினையோடு சேரும், எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. தவறான சேர்க்கை மனதில் பதிந்தால் பிடுங்குவது கடினம். கடைசி வரியில், இது பேச்சா, எழுத்தா, துறைச்சொல்லா, வழக்கொழிந்ததா என்ற குறிப்பு. ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதியில் சொல்லுக்கு முன்னால் குத்துவாள் குறி இருந்தால் வழக்கொழிந்தது.

வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 16ஆம் நாள், 35ஆம் நாள் திருப்பிப் பாருங்கள். பார்க்கும்போது சொல்லை மூடிவிட்டுப் பொருளிலிருந்து சொல்லை வரவழையுங்கள். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது, ஆனால் அப்படிப் படித்தது எழுதும்போது கைக்கு வராது.

கூழாங்கல் பட்டியலில் ஒரு திருத்தம். 'ஆப்ரன்', 'ஆடர்', 'அம்பயர்' மூன்றும் சரி. 'ஆரஞ்சு' அப்படியல்ல. சமஸ்கிருத 'நாரங்க', பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இத்தாலியனிலும் பிரெஞ்சிலுமே 'ந' உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வரும்போதே அது 'ஆரஞ்சு'தான். இணையப் பட்டியல்களில் இந்தப் பிழை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அந்த 'நாரங்க' திராவிட மூலத்திலிருந்து போயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. நம் நாரத்தையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூழாங்கல் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி, நீங்கள் சொல்வதே சரி. 'ஆரஞ்சு' இருந்த இடத்தில் 'ஆகர்' என்று படித்துக்கொள்ளுங்கள். மரத்தில் துளைபோடும் கருவி, பழைய ஆங்கிலத்தில் 'நாஃபுகார்'. 'ந' தொலைந்தது ஆங்கில மண்ணில்தான்.